சிட்டையும் பேரேடும்

"கணிப்பொறி பழசு, அதனால்தான் இவ்வளவு நேரம் ஆகிறது." நம் கல்லூரிக் கணிப்பொறி ஆய்வகத்தில் இந்தச் சொல் காதில் விழாத நாளே இல்லை எனலாம். மாணவர்களாகிய நாமும் சொல்கிறோம். சில வேளைகளில் ஆசிரியப் பெருமக்களும் சொல்கிறார்கள். புதிய பொறிகள் வந்து இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆண்டுதோறும் காத்திருக்கிறோம். வரட்டும், வேண்டாமென்பார் யார்? ஆனால் அட்டவணைகளைக் கட்டுவதும் சேமிப்பதுமாகிய வேலையைப் பொறுத்தவரை, தாமதத்தின் பெரும்பங்கு பொறியில் இல்லை. நாம் நிரல் எழுதும் முறையில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அட்டவணை என்றால் ஏதோ பெரிய ஆராய்ச்சி என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. வரிகளும் பத்திகளுமாக அமைந்த எதுவும் அட்டவணைதான். மதிப்பெண் பட்டியல் ஓர் அட்டவணை. வருகைப் பதிவேடு ஓர் அட்டவணை. கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பட்டியலும் அதுவே. பட்டம் பெற்று வெளியே போகும் நம்மில் எத்தனை பேர் செயற்கை அறிவைப் படைக்கப் போகிறோமோ தெரியாது. ஆனால் அலுவலகங்களில் அமர்ந்து அட்டவணை கட்டப் போகிறவர்கள் நம்மில் பலர். ஆகவே அதை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்வது சோற்றுக்கான கல்வி.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்பவர்கள் வெகு தொலைவில் இல்லை. நம்மில் பாதிப் பேர் மாட்டுத்தாவணியில் இறங்கி, பேருந்து மாறித்தான் கல்லூரிக்கு வருகிறோம். 1999-இல் அங்கே பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே திருச்சிப் பேருந்தும் திருநெல்வேலிப் பேருந்தும்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்கு முன்பே மாட்டுச் சந்தையால் வந்த பெயர் அது. தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் கயிற்றுக்கும் பெயர். மாடுகள் கூடும் இடத்துக்கும் பெயர். (கயிறு பின்னால் நமக்குத் தேவைப்படும், மறந்துவிட வேண்டாம்.) இன்று அங்கே மாட்டைவிடப் பூவுக்கே பெயர். விடியுமுன் பூச்சந்தைக்குள் நுழைந்து பாருங்கள். மல்லிகை, முல்லை, பிச்சி, சம்பங்கி, அரளி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் ஒரு விலை. ஏன், காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் ஒரு விலை.

அந்த நெரிசலில் கமிஷன் கடைக்காரர் என்ன செய்கிறார்? தராசில் மூட்டை ஏறியதும் பெயர், பூ, எடை, விலை என்று ஒரே வரியைச் சிட்டையில் கிறுக்குகிறார். அடுத்த மூட்டை ஏறுகிறது. அடுத்த வரி விழுகிறது. கூட்டம் ஓய்ந்த பிறகு அமர்ந்து, சிட்டையிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்கு ஏற்றுகிறார். ஒவ்வொரு மூட்டைக்கும் பேரேட்டைத் திறந்து, உரிய பக்கத்தைத் தேடி, பழைய பாக்கியைக் கூட்டி, கையொப்பம் வாங்கி, மூடி வைத்துவிட்டு அடுத்த மூட்டையைப் பார்ப்பேன் என்று ஒருவர் கடை நடத்தினால் அவர் தராசிலிருக்கும் பூ அங்கேயே வாடிவிடும். ஆனால் நம் நிரல்கள் அப்படித்தான் கடை நடத்துகின்றன.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு நண்பர் ஒருவர் தம் செய்திட்டத்திற்காகச் சந்தை விலைகளைத் திரட்டினார். மத்திய அரசின் அக்மார்க்நெட் நாள்தோறும் வெளியிடும் விலைகளைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரே அட்டவணையாக்குவது திட்டம். பைத்தான் மொழியில், பாண்டாஸ் துணையோடு நிரல் எழுதினார். வெற்று அட்டவணை ஒன்றை முதலில் வைத்துக்கொண்டு, ஒரு நாளின் விலையைப் படித்தவுடன் அதன் அடியில் ஒரு வரி சேர்ப்பது. பிறகு அடுத்த நாள். தொடக்கத்தில் நிரல் துள்ளி ஓடிற்று. போகப் போக நடை தளர்ந்தது. மாலையில் ஆய்வகத்தைப் பூட்டும் நேரம் வந்தும் முடியவில்லை. பழி யார் மேல் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பொறி பழசு!

உண்மையில் நடந்தது வேறு. இப்போது அந்தத் தாவணிக் கயிற்றை எடுத்துக்கொள்வோம். நூறு கண்ணிகள் உள்ள கயிற்றில் நூறு மாடுகள் கட்டியிருக்கின்றன. நூற்றொன்றாவது மாடு வருகிறது. கயிற்றில் இடமில்லை. உடனே நூற்றொரு கண்ணிகள் உள்ள புதுக் கயிறு திரித்து, பழைய கயிற்றிலிருந்து நூறு மாடுகளையும் அவிழ்த்து, புதியதில் கட்டி, கடைசியில் வந்த மாட்டையும் கட்டுகிறோம். அடுத்த மாடு வந்தால்? நூற்றிரண்டு கண்ணிகள் உள்ள கயிறு! பாண்டாஸ் அட்டவணையின் அடியில் ஒரு வரி சேர்க்கும்போது ஏறத்தாழ இதுதான் நடக்கிறது. அவ்வட்டவணையின் ஒவ்வொரு பத்தியும் நினைவகத்தில் இடைவெளியின்றி நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். கணக்குப் போடுவதற்கு அந்த அடுக்கு மிகச் சிறந்தது. வளர்ப்பதற்கு மிக மோசமானது. வரி கூடும்தோறும் புதிய இடம் பிடித்து, இருப்பதையெல்லாம் படியெடுக்க வேண்டும்.

இதில் எவ்வளவு வீண் உழைப்பு என்பதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். 10 வரிகள் சேர்க்க 45 முறை படியெடுப்பு. அது ஒரு பொருட்டே அல்ல. 1,000 வரிகளுக்கு 4,99,500. 10,000 வரிகளுக்கு ஏறத்தாழ 5 கோடி. ஒரு லட்சம் வரிகளுக்கு ஏறத்தாழ 500 கோடி! வரிகள் பத்து மடங்கானால் வேலை நூறு மடங்காகிறது. இரண்டு மடங்கு வேகமுள்ள பொறியை வாங்கி இதை வெல்ல முடியுமா? நம் செய்முறைப் பயிற்சிகளில் 'மாணவர் மதிப்பெண் பட்டியல்' என்று பத்து வரிகளைத் தட்டச்சு செய்து, விடை வந்ததும் கையொப்பம் வாங்கிக்கொள்கிறோம். 45 முறை படியெடுப்பதைக் கண்டு எந்தப் பொறியும் களைத்ததில்லை. ஆகவே இந்தக் குறை மூன்று ஆண்டுகளும் நம் கண்ணில் படாமலேயே போய்விடுகிறது.

தீர்வு சிட்டைதான். பைத்தானில் பட்டியல் என்ற எளிய அமைப்பு இருக்கிறது. அதன் கயிற்றில் எப்போதும் சில வெற்றுக் கண்ணிகள் மிச்சம் இருக்கும். நிறைந்தால் ஒன்றிரண்டு கூட்டாமல் தாராளமாகவே நீட்டிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு வரியையும் பட்டியலில் போட்டுக்கொண்டே போக வேண்டும். எல்லாம் சேர்ந்த பிறகு, சுழற்சிக்கு வெளியே, ஒரே ஒரு முறை அட்டவணை கட்ட வேண்டும். நண்பரின் நிரலில் மாற்ற வேண்டியிருந்தவை மூன்றே வரிகள். அதே பழைய பொறியில், தேநீர் குடித்துவிட்டு வருமுன் வேலை முடிந்திருந்தது.

வெஸ் மெக்கின்னி என்பவர் 2008-இல் உருவாக்கத் தொடங்கிய பாண்டாஸின் வரலாற்றிலேயே இதற்கொரு சான்று உண்டு. அட்டவணையின் அடியில் வரி சேர்க்கும் 'அப்பெண்ட்' என்ற கட்டளை முன்பு அதில் இருந்தது. 2022 சனவரியில் வந்த 1.4 பதிப்பில் அதைக் கைவிடப் போவதாக அறிவித்தார்கள்; 2023 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்பில் அடியோடு நீக்கிவிட்டார்கள். வழுக்கும் படியைப் பெயர்த்து எடுத்ததற்கு ஒப்பான செயல். ஆனால் நம்மவர் சும்மா இருப்பார்களா? 'அப்பெண்ட்' போனால் 'கான்கேட்' இருக்கிறதே என்று அதைச் சுழற்சிக்குள் வைத்து எழுதுகிறார்கள். கயிற்றின் பெயர்தான் மாறிற்று. மாடுகளை அவிழ்த்துக் கட்டும் வேலை அப்படியே இருக்கிறது.

கட்டிய அட்டவணையைச் சேமிப்பதில் நிலைமை இன்னும் மோசம். இங்கே நம்மைத் தடுத்து நிறுத்துவது வட்டு. ரிச்சர்டு ஹிப் 2000-இல் உருவாக்கிய எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தை நாம் அனைவரும் ஆய்வகத்தில் பயன்படுத்துகிறோம். கைப்பேசிகளுக்குள்ளும் இருப்பது அதுதான். சாதாரண மேசைக் கணிப்பொறியில் ஒரு நொடிக்கு 50,000 வரிகளையும் அதற்கு மேலும் அது ஏற்றும். ஆனால் 'கமிட்' எனப்படும் உறுதி செய்தலை நொடிக்குச் சில பத்து முறைகளே செய்ய முடியும் என்று அதன் ஆசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் எளியது. 'கமிட்' என்றால், எழுதியது வட்டில் உண்மையாகவே பதிந்துவிட்டது என்ற உறுதி கிடைக்கும்வரை காத்திருப்பது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு நொடிக்கு 120 சுற்றுகள் சுற்றும். ஒரு உறுதிக்கு இரண்டு சுற்றுகள் என்று வைத்தால் நொடிக்கு 60 உறுதிகள்தாம் கிடைக்கும். வரிக்கொரு 'கமிட்' போட்டால் ஒரு லட்சம் வரிகளுக்கு ஏறத்தாழ 28 நிமிடங்கள். எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனையாகச் சுற்றி ஒரு 'கமிட்' போட்டால் இரண்டு நொடி! நாம் தனியாக எதுவும் சொல்லாவிட்டால் அது ஒவ்வொரு வரியையும் தனிப் பரிவர்த்தனையாகவே கொள்ளும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. உள்ள புதிய பொறிகளில் காத்திருப்பு குறையும். வரிக்கு வரி காத்திருப்பது என்ற முறை மட்டும் குறையாது.

எக்செல் கோப்பில் எழுதுவோர் செய்யும் காரியம் இதையும் விஞ்சுவது. ஒரு கட்டத்தில் மதிப்பை எழுதியதும் 'சேவ்' கட்டளை. அடுத்த கட்டம், மீண்டும் 'சேவ்'. இவை யாவும் சுழற்சிக்கு உள்ளே! எக்செல் கோப்பு என்பது இறுக்கிச் சுருக்கிய ஒரு பொதி. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முழுப் பொதியையும் மறுபடி கட்டியாக வேண்டும். மூட்டையில் ஒரு பூ போட்டதும் வாயைத் தைத்து, அடுத்த பூவுக்காகப் பிரித்து, மீண்டும் தைப்பவரைக் கண்டால் சிரிக்க மாட்டோமா?

அப்படியானால் எல்லாவற்றையும் நினைவகத்திலேயே சேர்த்துவைத்துக் கடைசியில் ஒரே முறை சேமித்தால் போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஆய்வகத்து மின்சாரத்தை நம்பி அப்படிச் செய்ய நான் துணியமாட்டேன். மழையில் சிட்டை நனைந்தால் அன்றைய கணக்கே போயிற்று. இடைவழி ஒன்று உண்டு. ஆயிரம் வரிகளுக்கு ஒரு முறை 'கமிட்' போடுவோம். லட்சம் வரிகளுக்கு நூறு உறுதிகள். மேற்சொன்ன கணக்குப்படி அதற்கு இரண்டு நொடிக்குள்தான் கூடுதல் செலவு. இடையில் மின்சாரம் போனாலும் இழப்பது கடைசி ஆயிரத்திற்குள்தான். 28 நிமிடங்கள் கொடுத்து வாங்கிய பாதுகாப்பின் பெரும்பகுதி இரண்டு நொடிக்குக் கிடைக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் இது பொருந்தாது. தேர்வுக் கட்டணம் வாங்கும் இடத்தில் ஒவ்வொரு ரசீதும் உடனடியாக வட்டில் ஏறியே ஆக வேண்டும். பணம் கட்டிய மாணவரிடம் "உங்கள் ரசீது அந்த ஆயிரத்திற்குள் போய்விட்டது" என்று சொல்ல முடியுமா? அங்கே காத்திருப்பது குறையல்ல, கடமை. எங்கே காத்திருக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்தறிவதைத்தான் வகுப்பில் விவாதிக்க வேண்டும், விவாதிப்பதில்லை.

சேர்த்துவைத்து ஒரே முறை அட்டவணையாக்கும் எண்ணம் கணிப்பொறியோடு பிறந்ததும் அல்ல. நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடக்க காலத்து எழுத்தர்கள், கணக்கெடுப்புப் புத்தகத்தைப் பார்த்துப் பெரிய தாளில் உரிய கட்டந்தோறும் கோடு இழுத்து எண்ணினார்கள். 1901-இல் முறை மாறியது. பவேரியா நாட்டு ஃபோன் மயர் வகுத்த துண்டுச்சீட்டு முறை இங்கே புகுத்தப்பட்டது. ஆளுக்கொரு சீட்டு, சீட்டின் நிறத்தைக் கண்டே சமயத்தைச் சொல்லிவிடலாம். சீட்டுகளையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, பிறகு மாடங்களில் வகைவகையாகப் போட்டு, கடைசியில் ஒரு முறை எண்ணினார்கள். அடுத்த அட்டவணைக்கு அதே சீட்டுகளைக் கலைத்து வேறு வகையாகப் பிரித்தால் முடிந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் ஹோலரித் அவர்கள் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு 1890 கணக்கெடுப்பை எந்திரத்தால் எண்ணியிருந்தார். இங்கே எந்திரம் இல்லை. முறை மட்டும் மாறியது. கோடிக்கணக்கான மக்களின் கணக்கு அந்த முறையில் அடங்கியது என்பதை, எந்திரம் வரட்டும் என்று காத்திருக்கும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழில் தரவு சேமிப்போருக்கு இன்னொரு செய்தி. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடம் கொள்ளும். புள்ளியும் கொம்பும் தனிக் குறிகளாகவே எண்ணப்படும். 'மல்லிகை' என்ற சொல் 7 குறிகள், 21 பைட். 'மாட்டுத்தாவணி' 13 குறிகள், 39 பைட். லட்சம் வரிகளிலும் இச்சொல்லை எழுதி வைத்தால் 39 லட்சம் பைட். இதைக் கண்டு அஞ்சிச் சிலர் தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் சுருக்கி எழுதுகிறார்கள். பிறகு எந்தச் சுருக்கம் எந்தப் பூ என்று அவர்களுக்கே விளங்குவதில்லை. அது தேவையே இல்லை. பூக்களின் பெயர்களைத் தனிப் பட்டியலில் ஒரு முறை முழுத் தமிழில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, பெரிய அட்டவணையில் எண்ணை மட்டும் வைத்தால் போதும். 256 வகைகள் வரை ஒரே பைட்டில் அடங்கும். பாண்டாஸ் 'கேட்டகரி' என்ற பெயரில் இதைத் தானே செய்து தரும். அதுபோலவே எடையையும் விலையையும் எழுத்துகளாக வைக்காமல் எண்களாக வைக்க வேண்டும். தேடுவதற்கான அகரவரிசைக் குறிப்பை, அதாவது 'இண்டெக்ஸ்' என்பதை, எல்லா வரிகளையும் ஏற்றிய பிறகு உருவாக்க வேண்டும். நூல்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தால் நூலகர் என்று வீட்டுக்குப் போவது?

இதற்கெல்லாம் ஆசிரியப் பெருமக்கள் ஒரு மறுப்புக் கூறுவதுண்டு. "முதலில் விடை சரியாக வரட்டும், வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். டொனால்டு நூத் 1974-இல் எழுதிய கட்டுரையையும் துணைக்கு அழைப்பார்கள். சிறு சிறு வேகங்களுக்காக முன்கூட்டியே மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள் என்று அவர் எச்சரித்தது உண்மை. ஆனால் அதே இடத்திலேயே, உண்மையில் முக்கியமான அந்தச் சில இடங்களைக் கைவிட்டுவிடக் கூடாது என்றும் அவர் கூறியிருக்கிறார். அந்தப் பகுதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 5 கோடியை 10 ஆயிரமாகக் குறைப்பது சிறு வேகமா? நிரலின் வடிவத்தையே பொறுத்த செய்தி அது. விடை சரியாக வந்து, கையொப்பமும் கிடைத்த பிறகு அந்த நிரலை மறுபடி திறந்து பார்க்கும் மாணவரை நான் இதுவரை கண்டதில்லை.

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது, நாம் என்ன செய்ய முடியும் என்று சொல்வதும் சரியன்று. பாடத்திட்டத்தில் ஓர் எழுத்தும் மாற வேண்டியதில்லை. 'அட்டவணை ஒன்றை உருவாக்கிச் சேமிக்கவும்' என்று செய்முறைப் பட்டியலில் இருக்கிறது. எத்தனை வரிகள் என்று அதில் இல்லை. பத்துக்குப் பதில் ஒரு லட்சம் என்று நம் துறையே வைத்துக்கொள்ளலாம். செய்முறை ஏட்டில் விடைக்குக் கீழே 'எடுத்துக்கொண்ட நேரம்' என்று இரண்டு கட்டங்கள் போட வேண்டும்: வரிக்கு வரி எழுதியபோது எவ்வளவு, சேர்த்து எழுதியபோது எவ்வளவு. அந்த இரண்டு எண்களைத் தன் கையால் எழுதிய மாணவர் பிறகு சுழற்சிக்குள் 'சேவ்' எழுதத் தயங்குவார். புதிய கணிப்பொறிக்காகத் துறையிலிருந்து விண்ணப்பம் எழுதும்போதும், எந்த வேலைக்கு உண்மையாகவே பொறி போதவில்லை என்பதைச் சான்றோடு சொல்ல முடியும்.

அந்த ஒரு லட்சம் வரிகளுக்கு எங்கே போவது என்ற கவலையும் வேண்டாம். பூச்சந்தையின் விலைகளே பல ஆண்டுகளுக்கு இருக்கின்றன. பேருந்து நிலையத்துக்கு வந்துபோகும் வண்டிகளின் நேரத்தைக் குறித்தாலே சில வாரங்களில் பெரியதோர் அட்டவணை சேர்ந்துவிடும். அடுத்த கல்வியாண்டின் செய்முறைப் பட்டியல் சூன் மாதத்தில் துறையின் அறிவிப்புப் பலகைக்கு வரும். அதற்கு முன் பூ விலைகளைத் திரட்டி, பெயர்ப் பட்டியலைத் தமிழிலேயே தனியாக எழுதி, ஒரே கோப்பாக ஆய்வகத்திற்குக் கொடுக்க எங்கள் வகுப்பில் நால்வர் அணியமாக இருக்கிறோம்.